சாரா, என்சிக்கா?

வாசகர் கேள்வி:

அங்கிள், எனக்கு 20 வயது. பாலிடெக்னிக்கில் பொறியியல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் என்எஸ் (சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவை). கமாண்டோ தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போய் வந்தேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். இடம் கிடைத்தால் சைன் ஆன் செய்து, அதாவது ராணுவத்தையே வேலையாக எடுத்து, சிறப்புப் படைக்கு முயல வேண்டும் என்பது என் ஆசை. அப்பா பேருந்து ஓட்டுநர். "போவதென்றால் ஆபீசராகப் போ, சார்ஜண்டாக இருபது வருடம் குப்பை கொட்டாதே" என்கிறார். என் நண்பனின் அண்ணன் கமாண்டோவில் சார்ஜண்டாக இருந்தவர். "ஆபீசர் ஆனால் சீக்கிரமே மேசைக்குப் போய்விடுவாய், நிஜமான வேலை எல்லாம் சார்ஜண்டுக்குத்தான்" என்கிறார். வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?
உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்:

தம்பி,

சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிச் சண்டையாவது போடுகிறீர்களே, அதுவே நல்லது. பல வீடுகளில் பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரியும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கமாண்டோ இல்லை. காலாட்படையில் 24 வருடம் இருந்து வாரண்ட் அதிகாரியாக வெளியே வந்தவன். சீருடையைக் கழற்றிவிட்டு வேறு வேலை தேடுகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு. சிவப்புத் தொப்பி போட்ட கமாண்டோக்களும் கடற்படை முக்குளிப்பாளர்களும் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்ந்தது, எதைச் சொல்லும்போது பேச்சை மாற்றினார்கள் என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பாதி விடை, நம் படையில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே இருக்கிறது. அதிகாரியை 'சார்' என்போம். சார்ஜண்டை 'சார்ஜண்ட்' என்போம். வாரண்ட் அதிகாரியை 'என்சிக்' என்போம். அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருப்பதுபோல இதுவும் மலாய்ச் சொல். நம் ஊர்ப் பேச்சில் 'ஐயா' மாதிரி. 24 வயது லெப்டினன்ட் 45 வயதுக்காரரைப் பார்த்து 'என்சிக்' என்பார். அந்த 45 வயதுக்காரர் அவரைப் பார்த்து 'சார்' என்பார். ஆக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'ஐயா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சல்யூட் மட்டும் ஒரு பக்கமிருந்து தொடங்கும். அந்தச் சல்யூட்டைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் அப்பா பேசுகிறார். நண்பனின் அண்ணன் அந்த 'என்சிக்'கை மனதில் வைத்துப் பேசுகிறார்.

சார்ஜண்ட் என்றால் அதிகாரி ஆக முடியாமல் போனவர் என்று நம் ஆட்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாதாரணப் பட்டாளத்திலேயே அது தப்பு. சிறப்புப் படையில் ரொம்பத் தப்பு.

அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையை 'கிரீன் பெரே' என்கிறார்களே, அவர்களுடைய அடிப்படை அணியில் 12 பேர். தலைவர் ஒரு கேப்டன். அவருக்குத் துணையாக ஒரு வாரண்ட் அதிகாரி. மீதி 10 பேரும் சார்ஜண்டுகள். ஆயுதத்துக்கு இரண்டு பேர், வெடிபொருள் மற்றும் பொறியியலுக்கு இரண்டு பேர், மருத்துவத்துக்கு இரண்டு பேர், தகவல் தொடர்புக்கு இரண்டு பேர், உளவுத் தகவலுக்கு ஒருவர், இவர்கள் எல்லோருக்கும் மூத்த சார்ஜண்ட் ஒருவர். அந்த மருத்துவ சார்ஜண்டின் பயிற்சி வருடக் கணக்கில் நீளும். மருத்துவமனை எட்டாத இடத்தில் ஆளின் உயிரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர் அவர். கேப்டனோ ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த அணியில் இருந்துவிட்டு அடுத்த பதவிக்குப் போய்விடுவார். 1980களுக்கு முன் துணைத் தலைவர் இடத்தில் ஓர் இளம் லெப்டினன்ட்தான் இருந்தார். அவரும் மாறிக்கொண்டே இருந்தார். தலையும் துணையும் இப்படி வந்து வந்து போனால் அணிக்கு நினைவாற்றல் எங்கே இருக்கும்? அதனால்தான் அந்த இடத்தை, அணிகளிலேயே வளர்ந்த வாரண்ட் அதிகாரியிடம் கொடுத்தார்கள்.

பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ்ஸில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். வேறு பட்டாளத்திலிருந்து வரும் சார்ஜண்ட், தேர்வில் தேறினால், தன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடிமட்ட 'ட்ரூப்பர்' ஆகத்தான் தொடங்க வேண்டும். கேப்டன் வந்தால் அவருடைய பதவி அப்படியே இருக்கும். ஆனால் அவர் இரண்டு மூன்று வருடத்தில் தாய்ப் பட்டாளத்துக்குத் திரும்பிவிடுவார். பட்டையைக் கழற்றிய சார்ஜண்ட் அங்கேயே தங்கி முதலிலிருந்து மேலே ஏறுவார். தேர்வுக்கு வரும் அதிகாரிகளுக்கென்று தனியாக ஒரு வாரம் உண்டு. ராத்திரியெல்லாம் தூங்காமல் ஒரு தாக்குதல் திட்டம் போட்டு, அனுபவப்பட்ட சார்ஜண்டுகள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அவர்கள் அதைத் துண்டு துண்டாகக் கிழிப்பார்கள். கிழிபடும்போது அந்த அதிகாரி முகம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அணி என்பது சார்ஜண்டுக்கு வீடு. அதிகாரிக்கு அது, நெஞ்சில் நிற்கிற, ஆனால் இறங்கியே ஆக வேண்டிய ஒரு நிறுத்தம். பேருந்து ஓட்டுகிற அப்பாவுக்கு இந்தக் கணக்குச் சட்டென்று புரியும்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். உங்கள் என்எஸ் கணக்கையே எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடம் என்றால் 104 வாரம். பொதுவாக அடிப்படைப் பயிற்சி 9 வாரம். அதில் தேறி சாஃப்டி ராணுவப் பயிற்சி நிலையத்தில் இருக்கும் அதிகாரிப் பள்ளியான ஓசிஎஸ் போனால் இன்னும் 38 வாரம். ஆக, தோளில் இரண்டாம் லெப்டினன்ட் பட்டை ஏறும்போது 47 வாரம் போயிருக்கும். மிச்சம் 57. பாசிர் லாபாவில் சார்ஜண்ட் பள்ளியான எஸ்சிஎஸ் போய் ஸ்பெக், அதாவது சார்ஜண்ட் ஆனால் 22 வாரம்தான், மிச்சம் 73. கமாண்டோவில் இந்தக் கணக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. மற்றவர்கள் அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் தெக்கோங் தீவுக்கு அவர்கள் போவதில்லை. பாசிர் ரிஸில் தங்கள் பள்ளியிலேயே தொடங்கி, விமானத்திலிருந்து குதித்து, கடைசியில் 72 கிலோமீட்டர் நடந்து முடித்தால்தான் அந்தச் சிவப்புத் தொப்பி. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: அதிகாரிக்குப் பயிற்சி நீளம், அணியோடு இருக்கும் காலம் குட்டை. இந்த இரண்டு வருடத்தில் தெரிகிற வித்தியாசம் இருபது வருடத்திலும் அப்படியேதான் தொடரும்.

ரெகுலர், அதாவது சைன் ஆன் செய்த அதிகாரியின் பாதை இப்படிப் போகும். லெப்டினன்டாக இருக்கும்போது ஆட்களோடு சேற்றில் கிடப்பார். கேப்டன் ஆகும்போது பாதி நாள் களம், பாதி நாள் திட்டமிடல். நடுவில் தலைமையகத்தில் ஒரு சுற்று. கொம்பாக்கில் இருக்கும் தற்காப்பு அமைச்சான மைண்டெஃபிலோ வேறு எங்கோ மேசை, கணினி, பவர்பாயிண்ட். மேஜர் ஆனால் ஒரு கம்பெனியின் பொறுப்பு, பிறகு கோ கெங் சுவீ பெயரில் இருக்கும் கட்டளை, பணித்துறைக் கல்லூரி. லெப்டினன்ட் கர்னல் ஆகி ஒரு பட்டாளத்தையே நடத்துவது, அங்கிருந்து இன்னும் மேலே. நடுவில் வெளிநாட்டுப் படிப்பும் வரலாம். இதைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். எந்தப் படகை வாங்குவது, எந்தப் பயிற்சியை நிறுத்துவது, ஒரு நடவடிக்கைக்குப் போகலாமா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் இந்த மேசைக்காரர்கள்தான். களத்தை அறிந்தவர் அந்த மேசையில் இல்லாவிட்டால் அதன் விலையைக் களத்தில் இருப்பவர்தான் கொடுப்பார். நண்பனின் அண்ணனிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சார்ஜண்டின் பாதை வேறு. மூன்றாம் சார்ஜண்டில் தொடங்கி ஸ்டாஃப் சார்ஜண்ட், மாஸ்டர் சார்ஜண்ட் வரை ஏறி, பிறகு வாரண்ட் அதிகாரி. அவர் ஒரு துறையில் ஆழமாக இறங்குவார். குறிபார்த்துச் சுடுவது, வெடிவைத்துக் கதவைத் திறப்பது, உயரத்திலிருந்து குதிப்பது, காயம்பட்டவரைக் காப்பது என்று ஒன்றில் கைதேர்ந்து, அதையே அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுப்பார். கம்பெனி சார்ஜண்ட் மேஜர் ஆவார், பட்டாளத்துக்கே ரெஜிமென்டல் சார்ஜண்ட் மேஜர் ஆவார். அந்த ஆர்எஸ்எம், அடி அளக்கும் பேஸ் ஸ்டிக் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடைபாதையில் வரும்போது, இளம் அதிகாரிகள்கூடத் தங்கள் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். அப்போது நான் இரண்டாம் சார்ஜண்ட். புருணையில் தெம்புரோங் காட்டுப் பயிற்சி. அந்தக் காடு எப்படி என்றால், மலைமுகடு கத்தி முனை மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் சரிவு, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எங்கள் லெப்டினன்ட் புதியவர், நல்ல பையன், வரைபடத்தைக் கையைவிட்டு இறக்கவே மாட்டார். மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு முகட்டில் ஏறிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து முகட்டில் அல்லவா ஏறியிருக்க வேண்டும் என்று எனக்கே லேசாகச் சந்தேகம். எங்களோடு ஓர் என்சிக் வந்திருந்தார், மலாய்க்காரர், அந்தக் காட்டுக்குப் பல தடவை வந்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் போய், "சார், பையன்கள் தண்ணீர் குடிக்கட்டுமா?" என்று கேட்டார். சரி என்றார் லெப்டினன்ட். எல்லோரும் பையை இறக்கினோம். என்சிக் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வரைபடத்தை முழங்காலில் விரித்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, "இந்த ஓடையை நாம் கடந்தோமா சார்? எனக்கு வயசாச்சு, ஞாபகம் இல்லை" என்றார்.

கடக்கவில்லை. லெப்டினன்டின் காது சிவந்துபோனது. ஐந்து நிமிடம் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு லெப்டினன்டே எழுந்து நின்று, "திரும்புகிறோம், தவறு என்னுடையது" என்று எங்களிடம் சொன்னார். ஒன்றரை மணி நேரம் போச்சு. இரவு இருட்டில்தான் முகாம் போட்டோம், கையில் பட்ட கொடியெல்லாம் முள்ளாக இருந்தது. பயிற்சி முடிந்து நடந்த மறுஆய்வில் மேலதிகாரிகள் முன்னால் நின்று திட்டு வாங்கியது அந்த லெப்டினன்ட் மட்டும்தான். என்சிக் பெயரையோ எங்கள் பெயரையோ அவர் இழுக்கவில்லை. என்சிக்கும் அந்த ஓடைக் கதையை எங்கும் வாய் திறந்து சொல்லவில்லை.

இரண்டு உத்தியோகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தண்ணீர் இடைவேளைதான் ஞாபகம் வரும். பாதை தெரிந்தவர் ஒருவர். பாதைக்குப் பொறுப்பேற்றவர் ஒருவர். உங்களுக்கு இதில் எவராக இருக்கப் பிடிக்கும் என்று யோசியுங்கள். தவறு நடந்தால் எழுந்து நின்று 'என்னுடையது' என்று சொல்லும் இடம் உங்களை இழுக்கிறதா? அல்லது யாருக்கும் அவமானம் வராமல் அந்தத் தவறைச் சரிசெய்யத் தெரிந்த கை உங்களுடையதாக வேண்டும் என்று தோன்றுகிறதா?

அப்பா குப்பை கொட்டுவது என்று சொன்னதில் சம்பளக் கவலையும் ஒளிந்திருக்கும். ஆகவே அதையும் பேசிவிடலாம். அதிகாரியின் தொடக்கச் சம்பளம் கூடுதல், உச்சமும் உயரம். அது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சிறப்புப் படை ரெகுலர்களுக்கு அந்த வேலைக்கென்று தனிப் படிகள் உண்டு, இருதரப்புக்கும். மூத்த வாரண்ட் அதிகாரியின் வருமானத்தை, வெளியே அதே வயதில் அதே டிப்ளோமாவோடு இருப்பவரின் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்பா அவ்வளவு கவலைப்பட மாட்டார். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பட்டம் வாங்கிய சார்ஜண்டுகள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். அப்புறம், ராணுவ ரெகுலர்கள் மற்ற அரசு ஊழியர்களைவிடச் சீக்கிரமாகவே ஓய்வு பெறுகிறார்கள். இரண்டாவது வேலை என்று ஒன்று எல்லோருக்கும் வரும். என்னிடம் வரும்போது அதிகாரிகளின் கையில் இருப்பது 'இத்தனை பேரை நடத்தினேன், இவ்வளவு பட்ஜெட்' என்ற கதை. சார்ஜண்டுகளின் கையில் இருப்பது பயிற்சி தருவது, பாதுகாப்பு, அவசர மருத்துவம் மாதிரியான தொழில். நிறுவனங்களுக்கு இரண்டுமே வேண்டும். சொல்லப்போனால், வேலை கிடைக்கச் சிரமப்படுகிறவர்கள் நடுவழியில் கேப்டனாக வெளியே வந்து, தலைமை தாங்கிய கதையும் நீளமில்லாமல் தொழிலும் ஆழமில்லாமல் நிற்பவர்கள்தான். இது என் அனுபவம், அவ்வளவுதான்.

உடம்பைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அணியில் நீண்ட காலம் இருப்பவருக்குப் பையின் பாரமும் நீண்ட காலம். முழங்கால், இடுப்பு, காது, இந்த மூன்றும் கணக்குக் கேட்கும். காலாட்படையில் இருந்த எனக்கே இடது முழங்கால் தேக்கா ஈரச்சந்தைப் படியில் ஏறும்போது குரல் கொடுக்கிறது. பாராசூட்டில் குதித்தவர்கள், மோட்டார் படகில் அலைமேல் அடிபட்டவர்கள் கதை இன்னும் மோசம். மேசைக்குப் போவது அவமானம் என்று 20 வயதில் தோன்றும். 38 வயதில் அதே மேசை கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

தேக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. மகன் ஆபீசர் என்று தேக்காக் காப்பிக்கடையில் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு இருக்கும், எந்த அப்பாவுக்குத்தான் இல்லை. ஆனால் நீங்கள் போக நினைக்கும் இடத்தில் அந்த வசதி கிடையாது. நம் கமாண்டோ படை 1969இல் தொடங்கியது. சிறப்பு நடவடிக்கைப் படை 1984இல் உருவானது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக அரசாங்கம் வெளியே சொன்னதே 1997இல்தான். நடுவில் 1991 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து வந்த எஸ்கியூ 117 விமானத்தை நான்கு பேர் கடத்தி, சாங்கியில் தரையிறங்கிய பிறகும் பயணிகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச் 27 விடியற்காலை நம் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். 30 விநாடி. கடத்தியவர்கள் நான்கு பேரும் இறந்தார்கள், பணயக் கைதிகள் எல்லோரும் பிழைத்தார்கள். அன்று நான் பள்ளிக்கூடப் பையன். வீட்டில் வானொலியைச் சுற்றி எல்லோரும் நின்றது ஞாபகம் இருக்கிறது. உள்ளே போனவர்கள் கமாண்டோக்கள் என்றுதான் ஊருக்குத் தெரியும். அவர்களில் யார் சார், யார் என்சிக், யார் சார்ஜண்ட்? இன்றுவரை எனக்குத் தெரியாது, உங்கள் அப்பாவுக்கும் தெரியாது. அந்த வேலையின் லட்சணமே அதுதான். அன்றிரவு அவர்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. ஆகவே இன்ஸ்டாகிராமில் இப்போதே கமாண்டோ கனவு என்று படம் போட்டிருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

2009இல் கமாண்டோக்களின் சிறப்பு நடவடிக்கைப் படையையும் கடற்படை முக்குளிப்பாளர்களையும் சேர்த்துச் சிறப்பு நடவடிக்கைப் பணிக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கமாண்டோ கிடைக்காமல் போனால் உலகம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். செம்பவாங்கில் முக்குளிப்பாளர் பிரிவு இருக்கிறது. காவல்துறையில் ஸ்டார் என்ற சிறப்பு மீட்புப் பிரிவு இருக்கிறது. காது அழுத்தம் தாங்குமா என்பது போன்ற அவர்களுடைய வடிகட்டி வேறு, ஆனால் தேடுகிற ஆள் ஒரே மாதிரிதான்.

சரி, இவ்வளவு பேசிவிட்டு ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நீங்களும் அப்பாவும் போடும் சண்டையில், முடிவு பாதிதான் உங்கள் கையில். ஓசிஎஸ் போவதா எஸ்சிஎஸ் போவதா என்பதை அடிப்படைப் பயிற்சியில் உங்களைப் பார்க்கிறவர்கள் தீர்மானிப்பார்கள். பிரிவுத் தளபதி, பக்கத்துப் படுக்கைக்காரன், எல்லோர் கருத்தும் அதில் சேரும். டிப்ளோமாக்காரர்கள் அதிகாரி ஆவது சாதாரணம், படிப்பு உங்களைத் தடுக்காது. ஆனால் 'எனக்கு ஓசிஎஸ்தான் வேண்டும்' என்று நினைத்து நினைத்து, எதற்கெடுத்தாலும் முன்னால் போய் நிற்கிற பையனை எல்லோரும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சக ரெக்ரூட்டின் துப்பாக்கியில் அழுக்கு இருக்கிறதென்று பார்த்து, சத்தமில்லாமல் ஒரு துணியை நீட்டுகிற பையனையும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் இருந்த காலத்தில் நாங்கள் அதைத்தான் பார்த்தோம்.

என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 'சிறப்புப் படைக்கு முயல வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தலைமை தாங்க வேண்டும்' என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வேலையே, அந்த அணியே உங்களுக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியானால் சார்ஜண்ட் பாதை உங்களுக்குச் சரியாக வரும், அதை எண்ணி ஒரு நிமிடமும் கூச வேண்டாம். ஓசிஎஸ் கொடுத்தால்? போங்கள். மறுக்க வேண்டாம். 22 வயதில் முப்பது பேருக்குப் பொறுப்பாக நிற்பது எந்தப் பல்கலைக்கழகமும் தராத படிப்பு. முழுநேர என்எஸ் முடிவதற்குள் அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். சார்ஜண்டாக இருந்து பிறகு ஓசிஎஸ் போனவர்களும் உண்டு. எதிர்த்திசையில் போனவரை நான் பார்த்ததில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைன் ஆன் செய்யாவிட்டாலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு: முழுநேர என்எஸ் முடிந்த பிறகும் அவ்வப்போது கூப்பிடும் போர்க்காலச் சேவைக் கடமை சார்ஜண்டுக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை.

அதுவரை மூன்று மாதம் இருக்கிறது. ஐபிபிடி என்ற உடற்தகுதிச் சோதனையில் மற்றவர்களுக்கு 85 புள்ளி தங்கம் என்றால் கமாண்டோவுக்கும் முக்குளிப்பாளருக்கும் கார்ட்ஸ் என்ற காலாட்படைப் பிரிவுக்கும் 90. அந்தச் சோதனையின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் உங்கள் நேரம் இப்போது எவ்வளவு என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பக்கம் காலையில் ஓட நல்ல இடம்.

கடைசியாக, சைன் ஆன் மேசையில் உட்காரும் நாள் வரும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனஸ் எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம், அது எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? சிறப்புப் படைப் பயிற்சியில் நான் தேறாமல் போனால், அல்லது அடிபட்டால், மிச்ச வருடங்களை எந்தப் பிரிவில், எந்த வேலையில் கழிப்பேன்? படிக்க விரும்பினால் எந்த வருடத்திலிருந்து விடுவார்கள்? இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும் வரை பேனாவைத் திறக்காதீர்கள். நல்ல உடல்வாகு, நல்ல மனசு உள்ள பையன் ஒருவன் அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, நான்காம் மாதம் கணுக்கால் உடைந்து, மீதி ஐந்து வருடத்தையும் ஒரு சாமான் கிடங்கில் கழித்துவிட்டு என்னிடம் வந்தான். இன்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்தக் கிடங்கைப் பற்றிப் பேசும்போது இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.